திருமணியில் எலும்பைப் படித்த வரலாறு

1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த ஜெர்மானிய இயற்பியலாளர் ராண்ட்ஜன், அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படமெடுத்தபோது, கால்சியம் மிகுந்த எலும்பு கதிரைத் தடுத்து வெண்மையாகவும் தசை மங்கலாகவும் பதியும் என்ற முதற்பாடம் மருத்துவ உலகுக்குக் கிடைத்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934-இல் பர்னார்டு கதிரியல் நிறுவனம் திறக்கப்பட்டபின் அப்பாடம் இங்கும் முறையான கல்வியாக வளர்ந்தது.

எனினும், கை, கால் எலும்புகளின் சிதைவை அறியச் செங்கல்பட்டை அடுத்த திருமணியைப் போன்ற களம் அரிது. அங்கிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்துக்கு, தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பையேற்று 1947-இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, முடங்கிய கைகளிலும் வலிமை எஞ்சியிருப்பதை உணர்ந்து, வேலூரில் சீரமைப்பு அறுவையைத் தொடங்கினார். தொழுநோயில் விரல்கள் தாமாக உதிர்வதில்லை. உணர்விழந்த உறுப்பில் காயமும் சீழும் திரும்பத் திரும்ப நேர்வதால் எலும்பு முனை கரைந்து, படத்தில் சீவிய பென்சில்போலக் கூர்ந்து தெரிகிறது. வலியை நோயாளி சொல்ல இயலாத இந்நோயில், உணர்வற்ற பாதம் வீங்கிச் சூடேறினாலே முறிவை ஐயுற்றுப் படமெடுப்பதுதான் முறை. நடக்க முடிகிறதே என்று விடுவது பெரும்பிழை.

1955-இல் இந்திய அரசு அவ்வில்லத்தை ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது.