நொதிச் செயல்பாடு: அமிலமும் வெப்பமும்

உயிரணுக்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் நொதிகள் (என்சைம்கள்) பெரும்பாலும் புரதங்களே. கரைசலின் அமிலத்தன்மைக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப அவற்றின் வேகம் கூடும், குறையும், அடியோடு நின்றும் போகும். சூட்டை அளக்க வெப்பமானி முன்பே கைக்கு வந்துவிட்டது. அமிலத்தில் எதை அளப்பது என்பதில்தான் 1909 வரை தடுமாற்றம் நீடித்தது.

18ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஸ்பலன்சானி, இரைப்பை நீரையும் இறைச்சியையும் சிறு குழாய்களில் அடைத்துத் உடல் சூட்டுக்காகத் தம் அக்குளில் இடுக்கிக்கொண்டு கரைய வைத்தார். அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்டுக்கு வாய்த்த ஆய்வுக்கூடம் இன்னும் விசித்திரமானது. 1822இல் துப்பாக்கிச் சூட்டில் காயமுற்ற அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் ஆறாத துளை ஒன்று நிலைத்துவிட்டது. அதன் வழியே எடுத்த இரைப்பை நீரைப் புட்டியில் ஊற்றி, வேகவைத்த மாட்டிறைச்சியைப் போட்டு, 100 டிகிரி பாரன்ஹீட் வெந்நீரில் வைத்தபோது இறைச்சி கரைந்தது. குளிர்ந்த இரைப்பை நீரோ வேலை செய்யவில்லை. செயின்ட் மார்ட்டின் இதற்கெல்லாம் மனமுவந்து உடன்பட்டாரா என்பது தனிக்கதை.

இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என லண்டனில் வில்லியம் பிரௌட் கண்டிருந்தார். ஆனால் அமிலம் மட்டும் இருந்தால் செரிமானம் நடக்காது. இரைப்பைச் சவ்விலிருந்து வரும் வேறொரு பொருளும் கூடவே வேண்டும் என்று 1836இல் காட்டிய தியோடர் ஷ்வான், அதற்குப் பெப்சின் என்று பெயரிட்டார்.

அடுத்த கட்டத்தைப் பீர் ஆலைகள் நடத்தின என்றால் மிகையில்லை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் டயஸ்டேஸை 1833இல் பிரெஞ்சுக்காரர்களான பாயனும் பெர்சோவும் முளைகட்டிய பார்லியிலிருந்து பிரித்தபோதே, கொதிக்கவைத்தால் அது செயலிழப்பதைப் பார்த்தனர். இங்கிலாந்தில் பீர் ஆலை வேதியியலாளரான ஓசல்லிவன், டாம்ப்சனோடு சேர்ந்து 1890இல் ஈஸ்ட்டின் இன்வெர்டேஸை ஆராய்ந்தார். கரும்புச் சர்க்கரை உடனிருந்தால் அந்நொதி சுமார் 25 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டைத் தாங்கும் என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு.

திருப்பம் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நேர்ந்தது. கரைசலில் மொத்தம் எவ்வளவு அமிலம் சேர்த்தோம் என்பதைவிட, தனித்து உலவும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவையே நொதிகள் பொருட்படுத்துகின்றன என்று அங்கு ஆய்வு செய்த சோரன்சன் கண்டார். அந்தச் செறிவைக் குறிக்க 1909இல் அவர் வகுத்ததுதான் பிஎச் அளவுகோல். நீச்சல் குளம் முதல் வயல் மண் வரை எங்கும் பயன்படும் இந்த அளவு, நொதிகளைப் பற்றிய ஒரு கட்டுரையில்தான் பிறந்தது. அதற்கு முன், பாரிஸில் 1903இல் விக்டர் ஆன்ரி செய்த நொதி வினைவேக ஆய்வுகளில் பிஎச் கட்டுப்படுத்தப்படவில்லை. 1913இல் பெர்லினில் மைக்கேலிசும் மோட் மென்டனும் பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் தாங்கல் கரைசலைப் பயன்படுத்தி அக்குறையைப் போக்கினர்.

பெப்சின் பிஎச் 2 அளவிலும், சிறுகுடலில் செயல்படும் டிரிப்சின் 8 அளவிலும் சுறுசுறுப்பாக இயங்குகின்றன. இதன் காரணம், நொதியின் அமினோ அமிலங்கள் ஹைட்ரஜன் அயனியை ஏற்பதிலும் விடுவதிலும் இருக்கிறது. 1965இல் டேவிட் பிலிப்ஸ் குழு வெளியிட்ட, லைசோசைம் என்ற நொதியின் வடிவம் இதைக் கண்முன் நிறுத்தியது. அந்நொதி இயங்க, அதன் வினைப் பள்ளத்தில் 35ஆம் இடத்துக் குளூட்டமிக் அமிலம் ஹைட்ரஜனைப் பிடித்திருக்க வேண்டும், 52ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலம் அதை இழந்திருக்க வேண்டும். அமிலம் கூடினாலும் குறைந்தாலும் இரண்டில் ஒன்று நிலை மாறிவிடும்.

வெப்பத்தின் கதை வேறு. 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் புரதத்தின் மடிப்புகள் குலைந்து இயல்பிழக்கும். பாடநூல்கள் சொல்லும் ‘உகந்த வெப்பநிலை’யை மாறா எண்ணாகக் கொள்வது தவறு. சோதனையை எவ்வளவு நேரம் நீட்டுகிறோமோ, அந்த அளவுக்கு அது கீழிறங்கும்.

இந்த எல்லையும் நொதிக்கு நொதி மாறும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக் 1960களில் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியாவின் டிஎன்ஏ பாலிமரேஸ் என்ற நொதி, 95 டிகிரி செல்சியஸிலும் பல நிமிடங்கள் தாக்குப்பிடிக்கிறது. டிஎன்ஏவைப் படியெடுக்கும் பிசிஆர் முறையில் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நொதி ஊற்றும் வேலை, 1980களின் பிற்பகுதியில் இதனால் ஒழிந்தது.