பீரங்கி போட்ட எல்லைக்கோடு

உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பெயர், கதவு எண், தெரு, வார்டு எண், கட்ட வேண்டிய தொகை எல்லாம் இருக்கும். தொகையை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு மடித்து வைப்பதுதான் நம் வழக்கம். அந்த வார்டு எண்ணை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் தெரு இந்த ஊரைச் சேர்ந்தது, அடுத்த தெரு பஞ்சாயத்தைச் சேர்ந்தது என்று கோடு கிழித்தது யார்? எதை வைத்துக் கிழித்தார்கள்?

கடலூர்க்காரர்களிடம் இந்தக் கேள்விக்கு உலகத்தில் வேறு யாருக்கும் அவ்வளவு சுலபத்தில் கிடைக்காத ஒரு பதில் இருக்கிறது. அவர்கள் ஊருக்கு எல்லை போட்டது ஒரு பீரங்கி!

வருஷம் 1690. செஞ்சிக் கோட்டையில் சத்ரபதி சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் இருக்கிறார். ஔரங்கசீப்பின் படை அவரைத் துரத்திக்கொண்டு தெற்கே வந்துவிட்டது. யுத்தம் என்றால் பணம் வேண்டும். ராஜாராமிடம் இல்லாதது அதுதான். அதே சமயம் சென்னை ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குக் கடற்கரையில் இன்னொரு பிடிமானம் தேவைப்பட்டது. கடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தேவனாம்பட்டினத்தில் ஒரு சின்னக் கோட்டை இருந்தது. பேரம் படிந்தது.

வாங்கியது கோட்டையை மட்டுமல்ல. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரைக்கும் உள்ள நிலமும் கம்பெனிக்கு. ஒப்பந்தத்தில் இதுதான் அளவுகோல்!

அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பிற்காலத்தில் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு நன்கொடை கொடுத்து, யேல் பல்கலைக்கழகம் என்று பெயர் நிலைத்துவிட்டதே, அதே யேல். கணக்கில் கெட்டிக்காரர். 'எந்த பீரங்கி' என்று ஒப்பந்தம் கறாராகச் சொல்லவில்லை. எனவே சென்னையிலிருந்து உள்ளதிலேயே நல்ல பித்தளை பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். மருந்தை எப்படிக் கெட்டித்துச் சுட்டால் குண்டு தூரமாகப் போகும் என்பது பீரங்கிக்காரரின் சாமர்த்தியம் என்று மறைமுகமாகச் சொல்லியும் அனுப்பினார்கள். செப்டம்பர் மாதத்தில் திசைக்கு ஒன்றாகக் குண்டுகள் பறந்தன. விழுந்த இடம்வரை கம்பெனி நிலம். கடலூர் ஊரே அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. உள்ளே மாட்டிய கிராமங்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் ஏற்பட்டுவிட்டது. யேலின் பூர்வீகம் வேல்ஸ். அந்த நாட்டுப் புனிதரின் பெயரால் கோட்டை, புனித டேவிட் கோட்டை ஆனது.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், அன்று காலையில் அந்தக் கிராமங்களில் ஏதோ ஒரு வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த விவசாயியை நினைத்துப் பாருங்கள். தலைக்கு மேலே ஏதோ இரைச்சல். தொலைவில் 'தொப்'பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அவர் இன்னொரு அரசாங்கத்தின் குடிமகன் ஆகிவிட்டார். அவரை யாரும் கேட்கவில்லை. ஒரு ஊருக்கான விதி, அந்த ஊர்க்காரரைக் கேட்காமலே வந்து விழும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது.

அதற்கப்புறம் அந்தக் கோட்டை பட்ட பாடு தனிக்கதை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அங்கிருந்து தப்பித்து ஓடிவந்த இளைஞர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். வந்து சேர்ந்த இடம் இதே தேவனாம்பட்டினம். 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனிக்கு இதுதான் தலைநகரம். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். கோட்டை போனது. ஆனால், ஊரும் அதன் எல்லையும் நின்றன.

சரி, எல்லை வந்தாச்சு. நகராட்சி எப்போது வந்தது?

கம்பெனிக்கு அந்த யோசனை முன்பே உண்டு. 1688-லேயே சென்னையில் மேயர், ஆல்டர்மேன் என்று ஒரு மாநகராட்சியை ஆரம்பித்துவிட்டார்கள். காரணம் ஜனநாயக ஆசையெல்லாம் இல்லை. லண்டனில் கம்பெனியின் தலைவராக இருந்த ஜோசையா சைல்டு ஒரு கணக்குப் போட்டார். கோட்டைக்காரன் வரி கேட்டால் ஜனங்கள் முறைப்பார்கள். தங்களில் ஒருவர் கேட்டால் முணுமுணுக்காமல் கொடுப்பார்கள் என்பதே அது. கணக்கு பலிக்கவில்லை. யார் கேட்டாலும் வரி வரிதான் என்று சென்னைவாசிகள் முரண்டு பிடித்தார்கள்!

கடலூருக்கு நகராட்சி வந்தது 1866-ல். பக்கத்தில் சிதம்பரத்துக்கு 1873-ல். ஏன் அந்தக் காலகட்டத்தில்? இரண்டு காரணங்கள். ஒன்று காசு, இன்னொன்று காலரா.

1857 கலகத்தை அடக்கியதில் ஆங்கில அரசின் கஜானா காலியாகிவிட்டது. 1860-ல் முதன்முறையாக வருமான வரியே போட்டுப் பார்த்தார்கள். அது போதாமல், ஊர்ச் செலவை ஊர் தலையிலேயே கட்டிவிடலாம் என்று முடிவானது. இந்தப் பக்கம், இந்தியாவில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் செத்துக்கொண்டிருந்ததாக 1863-ல் ஒரு ராயல் கமிஷன் அறிக்கை கொடுத்தது. பெரும்பாலோர் சண்டையில் சாகவில்லை. கெட்ட தண்ணீரும் திறந்த சாக்கடையும் கொன்றன. லண்டனில் 1854-ல் ஜான் ஸ்னோ என்ற டாக்டர், ஒரு தெருக் குழாயின் தண்ணீர்தான் காலராவைப் பரப்புகிறது என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்துக் காட்டியிருந்தார். கிருமியைப் பாகுபாடு பார்க்கச் சொல்ல முடியாதே! சிப்பாய் பிழைக்க வேண்டுமானால் பக்கத்துத் தெருக்காரரின் சாக்கடையும் ஓட வேண்டும்.

இப்படித்தான் 1865-ல் சென்னை மாகாணத்தில் நகர அபிவிருத்திச் சட்டம் வந்தது. வீட்டு வரி, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் அதில் வந்தன. ஊர்க்காவலுக்கான போலீஸ் செலவையும் நகராட்சி தலையிலேயே வைத்தார்கள். கவுன்சிலர்கள்? சர்க்கார் பார்த்து நியமித்தவர்கள். தேர்தல் என்ற வாசனையே பின்னால்தான் வந்தது. 1882-ல் ரிப்பன் பிரபு, ஊர் நிர்வாகம் என்பது ஜனங்களுக்கான அரசியல் பள்ளிக்கூடம் என்ற கருத்தை முன்வைத்தார். 1884-ல் புதுச் சட்டம் வந்தது. அப்போதும் ஓட்டு, வரி கட்டுகிற சிலருக்கு மட்டும்தான்.

கொஞ்சம் சிதம்பரம் பக்கம் போவோம். அங்கே நகராட்சிக்குப் பல நூறு வருஷம் முன்பே ஒரு தெரு விதி அமலில் இருந்தது. நடராஜர் கோயிலைச் சுற்றியுள்ள கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி நான்கையும் பாருங்கள். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேர் ஓட வேண்டும். தேர் திரும்புகிற அகலத்துக்குத் தெரு இருந்தாக வேண்டும். வீட்டுத் திண்ணையை நாலு அடி முன்னால் இழுத்துக் கட்டினால் வருஷத்துக்கு இரண்டு தடவை மாட்டிக்கொள்வீர்கள். தேரைவிடக் கண்டிப்பான நகரமைப்பு அதிகாரி யார் இருக்கிறார்?

ஆனால், அதே தெருவுக்கு எழுதாத இன்னொரு விதியும் இருந்தது. யார் அதில் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்பது. தில்லையில் நந்தனார் கதை தெரியாதவர்கள் உண்டா? அந்த ஊரிலேயே 1916-ல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். 1924-ல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக்கிணறு, பொதுக் கட்டடம் எதையும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மறுக்கக் கூடாது என்பது தீர்மானம். அது நிறைவேறி, அரசாணையாகவும் வந்தது. நகராட்சி வரிப் பணத்தில் போட்ட தெரு என்றால் அது எல்லோருக்கும் சொந்தம். இன்றைக்கு நமக்குச் சாதாரணமாகப் படுகிற இந்த ஒரு வரிக்காக எத்தனை பேர் அடி வாங்கியிருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இனி கடற்கரைக்கு வருவோம். பீரங்கிக் குண்டு விழுந்து முந்நூறு வருஷம் கழித்து, அதே தேவனாம்பட்டினத்துக்கு இன்னொரு கோடு வந்தது.

1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையை வெளியிட்டது. கடல் அலை அதிகபட்சமாக ஏறிவரும் இடத்தில் ஒரு கோடு. அங்கிருந்து 500 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டரில் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. ஏற்கெனவே ஊராகிவிட்ட நகரப் பகுதி என்றால், இருக்கிற சாலைக்கு அல்லது கட்டடத்துக்கு இந்தப் பக்கம்தான் கட்டலாம், கடல் பக்கம் கூடாது. நல்ல நோக்கம்தான். ஆனால், கரையில் குடியிருந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்தது?

தெரிய வைத்தது 2004 டிசம்பர் 26. சுனாமி! கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊர் அழுது முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து நின்றது. வீட்டை எங்கே கட்டுவது?

2005 மார்ச் 30-ல் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர், தள்ளிப்போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் கான்கிரீட் வீடு இலவசம். ஆனால், பழைய இடத்தை அரசிடம் கொடுத்துவிட வேண்டும். 'நான் போகமாட்டேன்' என்றால் தாராளமாக இருங்கள், சொந்தக் காசில் ரிப்பேர் செய்துகொள்ளுங்கள், அரசு உதவி கிடையாது.

வெளியிலிருந்து பார்த்தால், உயிர் முக்கியமா மண் முக்கியமா என்று கேட்கத் தோன்றும். கரையில் நின்று பாருங்கள். கட்டுமரமும் ஃபைபர் படகும் இழுத்து நிறுத்துகிற இடம், வலை பின்னுகிற இடம், கருவாடு காயவைக்கிற இடம் எல்லாம் அதுதான். விடியற்காலை இரண்டு மணிக்குக் கடல் எப்படி இருக்கிறது என்று வாசலில் நின்று பார்த்துச் சொல்கிறவர் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் என்ன செய்வார்? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. நாங்கள் விட்டுப்போகிற கரை, நாளைக்கு யாருக்குப் போகும்?

இத்தனைக்கும் இவர்கள் விதிக்குப் பழகாதவர்கள் இல்லை. மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு வரி கட்டியாக வேண்டும். எந்த வலை போடலாம், எப்போது கடலுக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் அங்கே பேசி முடிவாகும். சுனாமி நிவாரணத்தைப் பங்கிட்டதிலும் இந்தப் பஞ்சாயத்துகளுக்குப் பெரிய பங்கு. குறை இல்லாமலா? தலைக்கட்டு ஆணின் பெயரில் என்பதால், புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற பெண்கள் கணக்கில் விடுபட்டார்கள். கோடு எங்கே விழுந்தாலும் அதற்கு வெளியே யாராவது நிற்கத்தான் செய்கிறார்கள்.

இதற்குத்தானே ஓட்டும் கவுன்சிலரும் என்பீர்கள். 1993-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை நகராட்சித் தேர்தல் கட்டாயம் என்றது. ஆனால் தமிழ்நாட்டு நகரங்களில் 2016 அக்டோபரில் கவுன்சில்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள் ராஜ்ஜியம். குப்பைக்கும் குடிநீருக்கும் விதிகள் வந்துகொண்டே இருந்தன. கேள்வி கேட்க வார்டில் ஆள் இல்லை. கடலூர் இதற்கிடையில் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. 45 வார்டுகள். முதல் மேயராக சுந்தரி ராஜா பொறுப்பேற்றார். சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்று, 1937-ல் சட்டசபைக்குப் போன அஞ்சலை அம்மாள் பிறந்த ஊர் அல்லவா! பொருத்தம்தான்.

2022 நவம்பர் 1-ல் இன்னொன்றும் தொடங்கியது. கிராமசபை போல நகரங்களில் 'பகுதி சபா'. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அங்குள்ளவர்கள் கூடிப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. சாக்கடை ஏன் தேங்குகிறது, வாய்க்காலை யார் ஆக்கிரமித்தார், எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்றெல்லாம் கவுன்சிலரை வைத்துக்கொண்டே கேட்கலாம்.

இது சின்ன விஷயம் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட்டபோது, தென்பெண்ணை கரைமீறிக் கடலூரின் ஓரப் பகுதிகளுக்குள் புகுந்தது. தண்ணீருக்கு வார்டு எண் தெரியாது. அது தேடுவது பழைய வாய்க்காலை. அந்த வாய்க்கால் இருக்கிறதா, அதன்மேல் வீட்டு மனை இருக்கிறதா என்பது ஏதோ ஒரு கூட்டத்தில், ஏதோ ஒரு வரைபடத்தில், நாம் போகாத ஒரு நாளில் முடிவாகியிருக்கும்.

1690-ல் அந்த விவசாயிக்குக் கேட்பதற்கு ஓர் இடமில்லை. குண்டு விழுந்தது, எல்லை மாறியது, அவ்வளவுதான். நமக்கு அப்படி இல்லை. ஆகவே, அந்த வரி ரசீதை மறுபடியும் எடுங்கள். வார்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி சபா கடைசியாக எப்போது கூடியது என்று விசாரியுங்கள். கூடவே இல்லை என்று பதில் வந்தால், ஏன் என்று கேளுங்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.