ஹிரோசிமாவின் மோட்டார் வண்டி

மோட்டார் வண்டியைப் பற்றியும் ஒரு சரித்திரக் கட்டுரையா என மூத்தோர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். அரசர் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் மனனஞ் செய்வதே சரித்திரம் என்று பள்ளியிற் பழகிவிட்டோம். ஆயினும், ஒரு நகரத்து மக்கள் தம் கைகளால் எதைச் செய்தனர், எதன்பொருட்டுப் பிடிவாதம் பிடித்தனர், அப்பிடிவாதத்துக்கு என்ன விலை கொடுத்தனர் என்பனவும் சரித்திரத்தின் பாற்பட்டனவே. அவ்வகையில் யப்பான் தேசத்து மஸ்டா நிறுவனத்தின் வரலாறு எம் மன்றத்து இளைஞர் அறிந்துகொள்ளத் தக்கது.

யப்பானிய வண்டிகள் என்றவுடன் பெரும்பாலோர் நாவில் முதலில் வருவன ரொயோற்றாவும் நிசானுமே. அவற்றை வாங்கியவரைக் கேட்டால் "குறையில்லை, ஓடுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவர். மஸ்டாவின் புகழ்பெற்ற வண்டிகளை வைத்திருப்போரை அவ்வாறு கேட்டுவிட்டு எளிதில் விடைபெற்று வந்துவிட முடியாது. முதலில் குற்றப்பத்திரிகை வாசிப்பர். பெற்றோல் குடிக்கிறது என்பர். ஒயில் குடிக்கிறது என்பர். எஞ்சினை இருமுறை கழற்றிப் பூட்டினோம் என்பர். அப்படியாயின் விற்றுவிடலாமே என்றால் முகம் மாறிவிடும். இந்த விநோதம் எங்கிருந்து வந்தது என்பதை ஆராயவே நாம் புகுந்தோம்.

நிறுவனம் தோன்றியது 1920ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், ஹிரோசிமா நகரில். அப்பொழுது அதன் பெயர் 'தோயோ கோர்க் கோக்யோ'. போத்தலை அடைக்குந் தக்கைதான் அதன் வியாபாரம். அடுத்த ஆண்டில் மத்சுதா ஜூஜிரோ என்பார் அதன் தலைவரானார். இவர் 1875இல் ஹிரோசிமாவில் ஒரு மீனவர் குடும்பத்தில் பிறந்தவர்; இளவயதிலேயே ஒசாக்கா சென்று கொல்லுப்பட்டறையிற் சம்மட்டி பிடித்தவர்; தம் பெயரால் ஒரு நீரிறைக்கும் பம்பியையும் ஆக்கியவர். இரும்பிற் கைபழகிய ஒருவருக்குத் தக்கை எத்தனை நாளைக்கு மனநிறைவு தரும்? 1927இல் பெயரிலிருந்து 'கோர்க்' என்னுஞ் சொல் அகன்றது. 1931இல் நகரையடுத்த புச்சூ என்னும் இடத்துத் தொழிற்சாலையிலிருந்து முச்சக்கர லொறியொன்று வெளிவந்தது. அதற்கு இடப்பட்ட பெயரே 'மஸ்டா'.

மத்சுதா என்னுந் தலைவரின் பெயரை ஒத்திருப்பதோடு, பழம் பாரசீகர் வணங்கிய ஞானக் கடவுளாகிய அகுர மஸ்தாவின் பெயரையும் கருதியே அப்பெயர் தெரியப்பட்டது. இவ்விடத்தில் எம் வாசகர்க்கு ஒரு செய்தி சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பாரசீகரின் 'அகுர' என்பதும் வடமொழி 'அசுர' என்பதும் ஒரே தாய்வயிற்றுச் சொற்கள். இருக்கு வேதத்தின் பழைய பகுதிகளில் 'அசுர' என்பது வருணன் முதலிய தேவரையே குறித்து நின்ற மதிப்புச்சொல். 'மஸ்தா' என்பதோ அறிவைக் குறிக்கும் 'மேதா' என்பதற்கு உறவு. வண்டியின் முன்புறத்திலுள்ள பெயருக்குள் இத்தனை பழமை அடங்கிக் கிடக்கிறது.

அம்முச்சக்கர லொறிகள் சிறு வியாபாரிகளிடையே நன்கு பரவின. பின்னர் யுத்தம் வந்தது. தொழிற்சாலை படைக்குத் துப்பாக்கி செய்து கொடுத்தது; அதை மறைப்பதிற் பயனில்லை. 1945 ஆகத்து 6ஆந் திகதி காலை அணுக்குண்டு விழுந்தது. அன்று மத்சுதா ஜூஜிரோவுக்கு எழுபதாவது பிறந்தநாள். குண்டு வெடித்த இடத்திலிருந்து தொழிற்சாலை ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தூரத்தில், ஹிஜியாமா என்னும் சிறு குன்றின் மறைவில் இருந்தது. கூரைகளும் கண்ணாடிகளும் சிதறினவேயன்றிக் கட்டடங்கள் நின்றன. நகருக்குட் சென்றிருந்த ஊழியர் பலர் திரும்பவில்லை. காயப்பட்டோர் தொழிற்சாலையின் வைத்தியசாலையை நாடி வந்தனர். நகரத்துக் காரியாலயங்கள் சாம்பராகிவிட்டமையால் மாகாண நிர்வாகமும் பலமாதங்கள் அக்கட்டடங்களிலேயே ஒதுங்கியிருந்தது. அதே ஆண்டு திசெம்பர் மாதத்தில் முச்சக்கர லொறிகள் மறுபடியுஞ் செய்யப்பட்டன. எரிந்த ஊரைத் திரும்பக் கட்டுவதற்கு மரமும் கல்லும் சுமக்க வண்டி வேண்டியிருந்ததல்லவா? ஹிரோசிமா மக்கள் இந்நிறுவனத்தை வெறும் கொம்பனியென எண்ணாமைக்கு இந்நான்கு மாதங்களே காரணமென நாம் கருதுகின்றோம்.

1951இல் மகனார் மத்சுதா சுனெஜி தலைமையேற்றார். 1960இல் ஆர்-360 என்ற சின்னஞ்சிறு கார் 356 கன சென்ரிமீற்றர் எஞ்சினோடு 3,00,000 யென் விலைக்கு வந்தது. இதுவே மஸ்டாவின் முதற் பயணிகள் கார். நன்றாகவே விற்றது. ஆனால் அக்காலத்தில் ரோக்கியோவிலிருந்த சர்வதேச வர்த்தகக் கைத்தொழில் அமைச்சு வேறோர் எண்ணங் கொண்டிருந்தது. வெளிநாட்டு வண்டிகள் தடையின்றி வந்திறங்குங்கால் சிறிய கொம்பனிகள் தாக்குப்பிடியா. ஆகவே அவற்றைப் பெரியவற்றோடு இணைத்துவிட வேண்டும் என்பதே அது. இணைந்தால் ஹிரோசிமாவின் பெயர் எங்கே? பிறரிடம் இல்லாத ஒன்று தம்மிடம் இருந்தாலன்றித் தனித்து நிற்க இயலாதென சுனெஜி துணிந்தார். அந்த ஒன்றைத் தேடி அவர் ஜேர்மனிக்குப் போனார்.

ஜேர்மனியில் பீலிக்ஸ் வாங்கெல் என்பவர் கண்ட சுழலெஞ்சினை என்.எஸ்.யு. என்ற கொம்பனி ஆக்க முயன்றுகொண்டிருந்தது. சாதாரண எஞ்சினில் பிஸ்ரன்கள் உரலில் உலக்கை போல மேலுங் கீழுமாக ஓடுகின்றன. அவ்வோட்டத்தைச் சுழற்சியாக மாற்றியே சில்லுக்குக் கொடுக்கவேண்டும். வாங்கெலின் எஞ்சினிலோ உலக்கையே இல்லை. நடுவிற் சற்று ஒடுங்கிய கச்சான் கோது போன்ற ஒரு கூட்டினுள், பக்கங்கள் புடைத்த முக்கோணக் கட்டையொன்று சுழல்கிறது. அதன் மூன்று பக்கங்களிலும் மாறிமாறி வாயு புகுந்து, நெருங்கி, வெடித்து, வெளியேறுகிறது. உறுப்புகளோ சில, அதிர்ச்சி மிகக் குறைவு, பருமனும் சிறிது. கேட்கும்போது இதனினும் எளியது வேறில்லை என்றே தோன்றும்.

1961இல் உரிமை பெற்று வந்த பின்னரே உண்மை தெரிந்தது. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் வாயு கசியாதபடி சிறு தகடுகள் பொருத்தவேண்டும். அத்தகடுகள் கூட்டின் உட்சுவரை உராய்ந்து, அலையலையாகக் கீறிவிட்டன. யப்பானியப் பொறியியலாளர் அத்தழும்புகளைப் 'பேயின் நகக்கீறல்' என்றனர். வெண்புகையாக ஒயில் எரிந்தது வேறு. 1963இல் இதற்கென ஆராய்ச்சிப் பகுதியொன்று திறக்கப்பட்டு, யமமொட்டோ கெனிச்சி என்பார் தலைவராக்கப்பட்டார். ரோக்கியோப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரியாயினும் யுத்தத்தின்பின் இதே தொழிற்சாலையில் கியர்ப்பெட்டி பூட்டும் வேலையிலே தொடங்கியவர். அவருடைய தங்கையார் அணுக்குண்டினால் மாண்டவர். அவரோடு சேர்ந்தோர் 47 பேர். தலைவனுக்காக உயிர்கொடுத்த 47 வீரர் கதை யப்பானிற் குழந்தைகளும் அறிந்தது. ஆகவே இவர்களுக்கும் அப்பெயரே நிலைத்தது.

எந்த உலோகத்தை இட்டாலும் கீறல் விழுந்தது. கடினம் போதாமையே குற்றமென முதலில் எண்ணினர். பின்னரே, தகடு ஓடும்பொழுது நடுங்கும் நடுக்கத்தின் அளவே குற்றம் என்பது புலனாயிற்று. தகட்டினுள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அந்நடுக்கத்தை மாற்றியபோது கீறல் நின்றது. விற்பனைக்கு வந்த எஞ்சினுக்குக் கரியும் அலுமினியமும் கலந்த தகடு தெரியப்பட்டது. 1967 மே மாதத்தில் 110 பரிவலுவுள்ள கொஸ்மோ ஸ்போர்ட் என்ற அழகிய வண்டி வெளியாயிற்று. அடுத்த ஆண்டில் ஜேர்மனியின் நூர்பேர்க் மலைப்பாதையில் 84 மணிநேரம் இடைவிடாது நடந்த ஓட்டத்தில் இரண்டு கொஸ்மோக்கள் கலந்துகொண்டன. ஒன்று முடிவை நெருங்கும் வேளையில் அச்சு கெட்டு விலகியது. மற்றது நான்காவதாக வந்தது. வித்தையைக் கற்பித்த என்.எஸ்.யு. நிறுவனமோ தன் றோ-80 வண்டிகளில் தகடுகள் தேய்ந்து, எஞ்சின்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தே நலிந்து, 1969இல் வொல்க்ஸ்வாகன் குடும்பத்துட் கரைந்துபோயிற்று.

இவ்வெற்றியே அடுத்த இடருக்கு வித்தாயிற்று. ஏறக்குறைய எல்லா வகை வண்டிகளிலும் சுழலெஞ்சினைப் பூட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஒரு கலன் பெற்றோலுக்கு நகர வீதிகளிற் பத்துப் பதினொரு மைல் மாத்திரமே ஓடுகிறதென அமெரிக்க அரசாங்கத்தின் அளவீடு கூறியதும் வாங்குவோர் விலகினர். விற்காத வண்டிகள் நிரைநிரையாகத் தேங்கின. சுமிட்டோமோ வங்கி தன் அதிகாரிகளை அனுப்பி நிறுவனத்தைத் தாங்கியது. ஆட்குறைப்புச் செய்யாது, தொழிற்சாலை வேலையாட்களை விற்பனை நிலையங்களுக்கு அனுப்பி வீடுவீடாகச் சென்று கார் விற்கச் செய்தனர். நேற்றுவரை திருகாணி முறுக்கியவர் இன்று அந்நியர் வாசலில் நின்று வணக்கஞ் சொல்வதென்றால் எத்தகைய சங்கடம்! அந்த 1975ஆம் ஆண்டிலேதான், நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய ஹிரோசிமா தோயோ கார்ப் என்னும் பேஸ்போல் அணி தன் முதலாவது சம்பியன் பட்டத்தைப் பெற்று ஊரை மகிழ்வித்தது என்பதையும் இடையிற் சொல்லிவைப்போம்.

சுழலெஞ்சினைக் கைவிடுமாறு அறிவுரை கூறியோர் பலர். யமமொட்டோ மறுத்தார். வாங்கியவர்களை நட்டாற்றில் விடுவதாகும் என்பது அவர் கட்சி. எரிபொருட் செலவை 40 சதவீதம் சீர்செய்வதென இலக்கு வகுத்து உழைத்தனர், 1978இல் ஆர்.எக்ஸ்.-7 வந்தது. 2002 வரை மூன்று தலைமுறைகளாக எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் விற்றன. எனினும் நேர்மையாகச் சொல்வதாயின், கணக்குப் புத்தகத்தைக் காப்பாற்றியதில் 1980இன் பமிலியா என்ற சாதாரண பிஸ்ரன் காருக்குப் பெரும்பங்கு உண்டு. 1979இல் போர்ட் கொம்பனி கால்பங்கு வாங்கியதும் துணைபுரிந்தது. அவ்வுறவு 2015வரை நீடித்தது. தனித்து நிற்பதற்கென்று வாங்கிய எஞ்சினே பிறரிடம் கைநீட்டவும் வைத்தது.

இனி உடையோர் சொல்வதைக் கேட்போம். ஆர்.எக்ஸ். வண்டிக்காரர் முதலிற் புகழ்வது அதன் வழுக்கலான ஓட்டத்தை. எஞ்சின் எவ்வளவு விரைவாகச் சுழன்றாலும் நடுக்கந் தோன்றாது. எல்லை கடந்ததை ஓட்டுநர் உணரமாட்டார் என்பதனாலே ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவியொன்றை உள்ளே வைத்தனர். குறைகளைச் சொல்லத் தொடங்கினால் இரவு போதாது. தகடுகளை நனைப்பதற்கு எஞ்சினே சிறிது ஒயிலை உட்செலுத்தி எரிக்கிறது. அஃது இயல்பு, பழுதன்று. இதையறியாமல் ஒயில் பாராது ஓட்டியவர் எஞ்சினை இழந்தனர். குளிர்ந்த எஞ்சினை இயக்கி, நாலடி நகர்த்தி, உடனே நிறுத்தினால் உள்ளே பெற்றோல் நனைந்து மறுபடி இயங்க மறுக்கும். சூடேறியபின் நிறுத்திய வண்டி திரும்ப இயங்கச் சிணுங்கினால் தகடு தேய்ந்ததற்கு அறிகுறி. 2003இல் வந்த ஆர்.எக்ஸ்.-8 வண்டிகளில் இவ்வாறு எஞ்சின் பழுதுகள் மலிந்தமையால், அமெரிக்காவில் நிறுவனமே எஞ்சினுக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு, 1,00,000 மைல் வரை நீட்டவேண்டியதாயிற்று. வாங்கிச் சலித்தோர் இதனைக் கோபத்தோடு சொல்வதில் நியாயமுண்டு. பயணிகள் காரென விற்றுவிட்டுப் பந்தயக்காரனின் பொறுமையை எதிர்பார்ப்பது முறையன்று.

ஆயினும் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் புவேர்ட்டோ றிக்கோத் தீவிலும் 1970களின் பழைய ஆர்.எக்ஸ். வண்டிகளைப் பிள்ளைபோற் பேணுவோர் கூட்டங்கூட்டமாக உள்ளனர். பிஸ்ரனையே அறிந்த மெக்கானிக்கிடம் விடாமல் தாமே கழற்றிப் பூட்டக் கற்றவர்கள் அவர்கள். 1991இல் பிரான்சின் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில், நான்கு முக்கோணங்கள் சுழலும் 787பி வண்டி 362 சுற்றுகள் ஓடி முதலாவதாக வந்தது. யப்பானிய நிறுவனமொன்று அங்கு வென்றது அதுவே முதன்முறை. அந்நாளின் கதையைக் கேட்கவேண்டுமாயின் இவர்களிற் கேட்கவேண்டும். தாமே ஓட்டியதுபோலச் சொல்வர்.

சுழலெஞ்சினற்ற மஸ்டாக்களை வைத்திருப்போரின் பேச்சு இதனினும் அமைதியானது. திருப்பத்திற் சுக்கான் சொன்னபடி கேட்பதைப் பாராட்டுவர். சில பழைய வகைகளில் சில்லு வளைவோரம் துருப்பிடிப்பதைக் குறைகூறுவர். 1989இல் வந்த இரண்டிருக்கை றோட்ஸ்ரருக்கு மாத்திரம் இவர்களிடத்தும் தனியன்பு உண்டு. குதிரையும் வீரனும் ஓருடலாதல் என்பது அதனை ஆக்கியோரின் கொள்கை. 2016இல் அது பத்து லட்சத்தைத் தொட்டது; மறு ஆண்டில், முதல் தலைமுறை வண்டிகளைத் தொழிற்சாலையே புதுக்கிக் கொடுப்பதாக நிறுவனம் அறிவித்தது.

ஆர்.எக்ஸ்.-8 உற்பத்தி 2012இல் நின்றது. 2023இல் சுழலெஞ்சின் திரும்பிற்று, ஆனால் எம்.எக்ஸ்.-30 என்னும் மின்வண்டியில் மின்னேற்றும் வேலைக்கு மாத்திரம். ஒற்றை முக்கோணம், 830 கன சென்ரிமீற்றர். சில்லை அது தொடுவதில்லை. பழைய வண்டிக்காரர் பலர் இதை மனமாற ஏற்கவில்லை. இதுவும் சுழல்கிறதே என்று ஆறுதலடைந்தோர் சிலர். 2024 பெப்ரவரியில் சுழலெஞ்சினுக்கென ஓர் ஆக்கப்பகுதியை நிறுவனம் மறுபடி திறந்து 36 பொறியியலாளரை அமர்த்தியது. யமமொட்டோ 2017இல் காலமாகிவிட்டார்.