வடக்கன்குளத்துச் சுவர்



திருமுழுக்குப் பெற ஒரு நாழிகை போதும். இறைவனின் பிள்ளையாக வளர்வதற்கோ ஆயுளே போதாது. சொத்துக்கு உரிய மகனே ஆனாலும் சிறுவனாய் இருக்குமட்டும் அவன் பிறர் காவலில்தான் இருக்கிறான் என்கிறார் புனித சின்னப்பர், கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில். இதற்கு நம் நெல்லைச் சீமையிலேயே சான்று உண்டு.

நட்டாலத்து நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர், உயர்குலத்தவர். 1745 மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரி அடிகளின் கையால் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார். 1749இல் சிறைப்பட்டார், 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஞானத்தில் முதிர்வதற்கு ஏழாண்டுக்கும் குறைந்த காலமே அவருக்குப் பிடித்தது.

அவர் முழுக்குப் பெற்ற ஊருக்கோ? 1872இல் அங்கே எழுந்த கோயிலில் பீடம் ஒன்று, கூடங்கள் இரண்டு. ஒன்று வெள்ளாளர் பக்கத்தாருக்கு, மற்றது நாடார் மக்களுக்கு. கண்டவர்கள் 'காற்சட்டைக் கோயில்' என்றே அழைத்தார்கள். அன்றைய குருக்களும் இதற்கு இசைந்துதான் இருந்தார்கள். பழியை மக்கள் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. இரு பக்கத்தாரும் ஒரே தந்தையை நோக்கிச் செபித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் காணவில்லை.

1910இல் பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது. வெள்ளாளர் தரப்பினர் பார்த்தே ஆண்டகைமீது வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆனாலும் சப்பரத்தின் பின்னே நடக்கையிலும் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கையிலும் 'யார், எந்தத் தெரு?' என்று பார்க்கிறவர்கள் இன்றும் நம்மிடையே உண்டல்லவா?

2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, அவர் பெயரோடு வழங்கிவந்த 'பிள்ளை' என்னும் சாதிப் பட்டம் விடப்பட்டிருந்தது.