ஓதுதலும் வாசித்தலும்: கல்முனைக் கரையில் கற்றல் இடர்பாட்டை மதிப்பிடுவதில் ஒரு பிழை

பின்னேரம் மதரசாவில் தடங்கலின்றிக் குர்ஆன் ஓதுகிற பிள்ளை, காலையில் வகுப்பறையில் தமிழ்ப் பாடநூலின் இரண்டு வரியைத் தாண்ட முடியாமல் நிற்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆசிரியர்களுக்கு இது புதிராகவே இருந்துவருகிறது. ஒரு சாரார் இதற்கு எளிய விளக்கம் சொல்வர்: அறபு எழுத்தைக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்தறியும் ஆற்றலில் குறையில்லை, குறை கவனத்திலோ கற்பித்தலிலோதான். இந்த விளக்கம் உளக்கல்வி மதிப்பீட்டுக்குள் நுழைந்தால் பிள்ளைக்குச் சேரவேண்டிய உதவி அங்கேயே நின்றுவிடும். சான்றைப் படித்த விதமே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஓதல் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். ஐவேளைப் பர்ளுத் (கடமைத்) தொழுகையில் 17 றக்அத்துகள் (தொழுகைச் சுற்றுகள்). ஒவ்வொன்றிலும் குர்ஆனின் முதல் அத்தியாயமான சூறா பாத்திஹாவின் 7 ஆயத்துகள் (வசனங்கள்) ஓதப்படுகின்றன. சுபஹிலும், மஃரிப், இஷாவின் முதலிரு றக்அத்துகளிலும் இமாம் அவற்றைச் சத்தமிட்டே ஓதுகிறார். எழுத்தைக் காணுமுன்னரே அவை பிள்ளையின் செவியில் பதிந்துவிடுகின்றன. குர்ஆனின் 30ஆம் ஜுஸ்உவின் (பாகத்தின்) சிறிய சூறாக்களும் அப்படியே. அவற்றைத் தாள் பார்த்து ஓதும்போது கண் எழுத்தில் நிற்கலாம். நாவோ நினைவிலிருந்தே எடுக்கிறது. விரல் ஒரு சொல்லில் நிற்க, வாய் அடுத்த ஆயத்துக்குப் போய்விடுவதுண்டு. ஓதிக்கொடுக்கும் லெப்பையிடம் கேட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

ஆகவே, ‘ஓதுகிறானா?’ என்று கேட்பது போதாது. மனனத்தில் இல்லாத எழுத்துக்கோவையைக் கூட்டுகிறானா என்று பார்க்கவேண்டும். அறபு எழுத்துகள் பெரும்பாலும் சொல்லின் முதல், இடை, கடை என இடத்துக்கேற்ப உருமாறுபவை; அகர, இகர, உகர ஒலிகளை மேலும் கீழும் இடும் குறிகள் தருகின்றன. அந்தக் குறிகளோடு பொருளற்ற அசைகளை அட்டையில் எழுதிக் கொடுத்தால் நினைவு கைகொடுக்காது. அட்டையில் திருவசனம் எதுவும் இராது என்பதால் வேதத்தைச் சோதனைப் பொருளாக்குவதாக யாரும் ஆட்சேபிக்க வேண்டியதில்லை.

சரி, அந்த அட்டையையும் பிள்ளை பிழையின்றி வாசித்துவிட்டால்? அப்போதும் தமிழில் இடர்பாடு இல்லை என்றாகாது. ஆங்கிலமும் ஜப்பானியமும் அறிந்த ஒரு சிறுவனைப் பற்றி ஆய்வாளர்கள் டாயேகோ வைடெல், பிரையன் பட்டர்வர்த் இருவரும் 1999இல் எழுதினர். அவனுக்கு ஜப்பானிய வாசிப்பில் குறையே இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் கடும் இடர்பாடு. ஒரே பிள்ளையில் இரண்டு எழுத்துமுறைகள் இருவிதமாய் நடக்கும் என்பதை அந்த ஒரு சான்றே காட்டிவிட்டது.

தமிழ் எழுத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. ‘கெ’ என்பதில் பின்னால் ஒலிக்கும் உயிர் முன்னால் எழுதப்படுகிறது. ‘கொ’வில் இருபுறமும் நிற்கிறது. மொத்தம் 247 எழுத்துகள். கன்னட எழுத்துகளைக் கைக்கொள்வது மூன்றாம், நான்காம் வகுப்பு வரை நீள்வதை ஆய்வாளர் சோனாலி நாக் 2007இல் காட்டினார். தமிழும் அந்த இனத்து எழுத்துமுறையே. எனவே தரம் 3 பிள்ளையின் தடுமாற்றத்தைக் கண்டவுடன் இடர்பாடு என்று முத்திரை குத்துவதும் தவறு. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என எழுதுவது இக்கரையின் உச்சரிப்பால் வருவது. படத்தைக் காட்டினால் ‘வாப்பா’, ‘ராத்தா’ என்பது வீட்டு மொழி. இரண்டையும் பிழையாக எண்ணுகிற சோதனை பிள்ளையின் ஊரைத்தான் அளக்கிறது. ‘கொடி’யைத் திரும்பத் திரும்பக் ‘கெடி’ என்று வாசிப்பதோ வேறு. அங்கேதான் நின்று பார்க்கவேண்டும்.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்பார்கள். ஓர் அட்டைக்குச் சில நிமிடங்களே போதும்.

ஓதுவதையே சான்றாக வைத்து, இடர்பாடு இல்லை என்று அனுப்பப்பட்ட பிள்ளைகளை மீண்டும் அழைத்துச் சோதிக்கவேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன்னரே.