மேற்கோள் மரபணு வரிசைத் தரவுத்தளங்கள்

மேற்கோள் மரபணு வரிசைத் தரவுத்தளம் என்பது, உயிரினங்களின் டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரத வரிசைகளைச் சரிபார்த்து, ஒவ்வொன்றின் பெயரையும் பணியையும் சான்றையும் குறித்து, நிலையான அடையாள எண்ணுடன் பேணும் தொகுப்பாகும். ஆய்வாளர்கள் அனுப்பும் வரிசைகளையெல்லாம் அனுப்பியவர் பெயரிலேயே சேமிக்கும் மூலக் களஞ்சியங்களிலிருந்து இது வேறுபட்டது. 1982-இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட ஜென்பேங்க் அத்தகைய களஞ்சியம். ஐரோப்பிய, ஜப்பானியக் களஞ்சியங்களுடன் தரவுகளை நாள்தோறும் பகிர்ந்துகொள்ளும் அதில், ஒரே மரபணு பலரால் பல பெயர்களில் பதியப்பட்டிருக்கக்கூடும். ஒருவர் தவறாகப் பெயரிட்ட வரிசையோடு ஒப்பிட்டு மற்றொருவர் தம் வரிசைக்கும் அதே பெயரை இடும்போது, பிழை பதிவுக்குப் பதிவு பெருகிச் செல்கிறது. மேற்கோள் தரவுத்தளங்கள் தேவைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

1986-இல் சுவிட்சர்லாந்தில் அமோஸ் பைரோக் தொடங்கிய சுவிஸ்-புரோட், புரதங்களுக்கான இத்தகைய தொகுப்பாகும். அறிவியல் கட்டுரைகளைப் படித்துப் பதிவுகளை எழுதும் வல்லுநர்களின் உழைப்பால் அதில் ஏறத்தாழ 5.7 இலட்சம் பதிவுகளே சேர்ந்துள்ளன. கணினி தானாகக் குறிப்பெழுதிய டிரெம்பிள் தொகுப்போ பல கோடிப் பதிவுகளைக் கொண்டது. அமெரிக்காவின் ரெஃப்சீக் தரவுத்தளம், சான்றுள்ள ஆர்என்ஏ வரிசையின் எண்ணை ‘என்எம்’ என்றும், கணினி கணித்ததன் எண்ணை ‘எக்ஸ்எம்’ என்றும் தொடங்கி, இரண்டையும் எண்ணிலேயே பிரித்துக் காட்டுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் கணிப்பை உறுதிப்பட்ட செய்தியாகக் கொள்வது ஆய்வில் மிகுந்த தீங்கு விளைவிக்கும்.

சரிபார்ப்பின் அருமையை நல்ல பாம்பின் மரபணுத்தொகை தெளிவாகக் காட்டுகிறது. இப்பாம்பு வயலில் உழைப்போரின் உயிருக்கு அச்சமாக இருப்பதால், அதன் நஞ்சை மரபணு நிலையில் அறிவது நேரடிப் பயனுடையது. 2020 சனவரியில் ‘நேச்சர் ஜெனெட்டிக்ஸ்’ இதழில், இந்திய ஆய்வாளர்களும் பங்கேற்ற பன்னாட்டுக் குழு, ஏறத்தாழ 179 கோடி கார இணைகள் கொண்ட அதன் மரபணுத்தொகையை வெளியிட்டது. புரதம் ஆக்கும் 23,248 மரபணுக்கள் அதில் கணிக்கப்பட்டன; 33 நச்சுக் குடும்பங்களைச் சேர்ந்த 139 மரபணுக்கள் இனங்காணப்பட்டன; அவற்றுள் 19 நச்சு மரபணுக்கள் நஞ்சுச் சுரப்பியில் மட்டுமே சிறப்பாக வெளிப்படுவன எனக் கண்டறியப்பட்டது.

நச்சு மரபணுக்கள் பெரும்பாலும் ஒரு மரபணு மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டதால் தோன்றியவை. ஆகவே ஒன்றுபோலவே இருக்கும் படிகள் குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. குறுந்துண்டுகளாக வாசித்த டிஎன்ஏவைக் கணினி ஒட்டும்போது இப்படிகள் ஒன்றாகச் சுருங்கிவிடக்கூடும். நெடுந்துண்டு வாசிப்பும் குரோமோசோம் அளவிலான ஒழுங்கமைப்பும் இக்குறையைப் பெரிதும் நீக்குகின்றன. படிகளுள் சில செயலிழந்தவை, சில உடலின் வேறு பணிகளுக்குரியவை. வரிசை ஒத்திருப்பதால் மட்டும் அவற்றை நஞ்சு என்று எழுதிவிட இயலாது. சுரப்பியின் ஆர்என்ஏவையும் நஞ்சில் கிடைத்த புரதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருப்பதால், சுவிஸ்-புரோட் விலங்கு நச்சுகளுக்கெனத் தனித் திட்டம் ஒன்றை நடத்துகிறது.

இந்தியாவில் 2022 நவம்பரில் ஃபரிதாபாத்தில் தொடங்கப்பட்ட இந்திய உயிரியல் தரவு மையம், அரசு நிதியில் எழும் உயிரியல் தரவுகளைச் சேமிக்கிறது. 10,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் மரபணுத்தொகைகளைத் திரட்டிய ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகளும் அங்கேயே வைக்கப்பட்டுள்ளன. தரவைச் சேமிப்பது முதல் படி. அதைச் சரிபார்க்கும் வல்லுநர்களை வளர்ப்பது அதனினும் நெடிய பணி.

நல்ல பாம்பின் நஞ்சு இடத்துக்கு இடம் வேறுபடுவதை இந்திய ஆய்வுகள் நிறுவியுள்ளன. நச்சுமுறி மருந்துக்கான நஞ்சின் பெரும்பகுதியோ நெடுங்காலமாகச் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தே கிடைத்து வந்துள்ளது; அம்மருந்து நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. ஆதலால் ஒரு மரபணுத்தொகையோடு அமையாமல், பல வட்டாரப் பாம்புகளின் வரிசைகளும் தரவுத்தளங்களில் சேர்க்கப்பட வேண்டும். அவற்றை ஒப்படைக்கும் ஆய்வாளர்கள், பாம்பு பிடிபட்ட இடத்துக்குரிய கட்டத்தில் ‘இந்தியா’ என்று மட்டும் எழுதாமல் மாவட்டத்தையும் வட்டத்தையும் நிரப்ப வேண்டும்.