முன்பைட்டும் பின்பைட்டும்: தமிழ்த் தரவில் சொல்லாமல் விட்ட விதி

‘கடப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரைக் கோப்பில் சேமிக்க யூடிஎஃப்-8இல் 33 பைட் ஆகிறது, யூடிஎஃப்-16இல் 22. ஒருங்குறியோடு சேர்த்து 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஏற்ற, எழுத்துக்கு ஓர் எண் தரும் டேஸ்-16 முறையில் ஏழெழுத்துக்கு 14 பைட் போதும். தமிழுக்கு எந்தக் குறிமுறை சிக்கனம் என்ற விவாதம் பெரும்பாலும் இந்தக் கணக்கைச் சுற்றியே நடந்தது. கணக்கு சரிதான், ஆனால் பாதிதான். ஓர் எண்ணை இரண்டு பைட்டாக எழுதும்போது எது முன்னே என்பதையும் யாராவது முடிவு செய்தாக வேண்டும்.

‘க’வின் ஒருங்குறி எண் 2965. அதை 256ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 149. 11, 149 என எழுதுவது பெருமுனை முறை. 149, 11 என எழுதுவது சிறுமுனை முறை. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று ‘கலிவரின் பயணங்க’ளில் நடக்கும் சண்டையிலிருந்து 1980இல் டேனி கோஹன் எடுத்தாண்ட பெயர்கள் இவை. இன்டெல் செயலிகள் சிறுமுனை. இணைய நெறிமுறைகள் பெருமுனை.

வரிசை மாறினால் ‘க’ 38155 ஆகிவிடும். அது ஒரு சீன எழுத்து. ‘கடப்பாக்கம்’ என்பதன் 11 ஒருங்குறி எண்களையும் இப்படிப் புரட்டினால் நான்கு சீனமாகவும் ஐந்து கொரியமாகவும் மாறுகின்றன. இரண்டு ‘ப’க்களும் சாம் எழுத்தாகின்றன. வியட்நாம், கம்போடியப் பகுதிகளில் வழங்கும் அந்த எழுத்துமுறையின் வேரைப் பல்லவர் எழுத்தில் காண்பார்கள். நிரலுக்கோ எல்லாமே செல்லுபடியாகும் குறிகள். பிழைச்செய்தி எதுவும் வராது. இந்த மௌனமே பெரிய ஆபத்து.

உரைக்கோப்பின் தலையில் 65279 என்ற வரிசைக்குறியை வைத்து இதைச் சமாளிக்கலாம். வெறும் முழு எண்களுக்கு அந்த வசதியும் இல்லை. கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போன 1760ஆம் ஆண்டு, புரண்டால் 57350 ஆகும், யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் 1 என்பது 256 ஆனால் யாருக்குச் சந்தேகம் வரும்? 257 இரு முறையிலும் 257தான். அதை வைத்துச் சோதித்தவர் நிரல் சரி என்றே நம்புவார். பழைய தமிழ் எண்முறையில் 1760ஐ ௲௭௱௬௰ என எழுதுவார்கள். ஆயிரமும் நூறும் பத்தும் தத்தம் குறியோடு நிற்கும். பைட்டின் மீது அப்படி எதுவும் எழுதியிருக்காது.

நினைவகத்தில் உள்ளதை அப்படியே கோப்பில் கொட்டும் சி நிரல், வரிசையைத் தீர்மானிக்கும் பொறுப்பை இயந்திரத்திடம் விட்டுவிடுகிறது. 256ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் தானே வரிசைப்படுத்தி எழுதும் நிரல் எந்தக் கணினியிலும் ஒரே கோப்பைத் தரும். கூடுதல் வேலை இரண்டு வரிதான்.

எழுத்து வாரியாகத் தேடவும் வரிசைப்படுத்தவும் டேஸ்-16 வசதியானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பரிமாற்றத்துக்கு, இடம் கூடினாலும், பைட் வரிசையைத் தன் விதியிலேயே கட்டிவைத்திருக்கும் யூடிஎஃப்-8தான் ஏற்றது. டேஸ் எழுத்தெண்களையே அதில் எழுதினாலும் நம் ஊர்ப்பெயர் 21 பைட்டில் முடிகிறது. எண்களை இருமமாகச் சேமிக்கும் தரவு வடிவத்தை வகுப்பவர்கள், எந்த பைட் முன்னே என்பதை ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.